ஒண்ணுமில்லை என்று சொன்னவள்

பெரியாஸ்பத்திரியில் நோயே ஆள் உருவம் எடுத்து, கையில் பிளாஸ்கும் ரொட்டிப் பொட்டலமுமாக நோயாளியைப் பார்க்க வரத் தொடங்கியது ஒரு ஐப்பசியில்தான். அந்த வருசம் அடைமழையில் தெருவும் சாக்கடையும் ஒன்றாகிக் கிடந்தது, கரண்ட் நினைத்தால் வந்தது நினைத்தால் போனது, ஜனங்களுக்கு அவரவர் பாடே பெரும்பாடாக இருந்தது, அதனால் ஆரம்பத்தில் இதை யாரும் பெரிய விசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. முதன்முதலாக வந்தது, சர்க்கரை வியாதியில் கால் எடுத்துக் கிடந்த ஒரு பெரியவருடைய மகன். மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறவன், ஆனாலும் பாருங்கள், தினமும் தவறாமல் வந்து அப்பன் தலைமாட்டில் உட்கார்ந்து போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தான், பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெறணும் என்று வார்டே பேசிக்கொண்டது. ஒருநாள் காலையில் பெரியவருடைய செல்போன் அடிக்க, சிஸ்டர் எடுத்துப் பார்த்தால் வீடியோவில் அதே மகன், மஞ்சள் ஹெல்மெட்டோடு வெயிலில் நின்று அழுகிறான், அப்பா எப்படி இருக்காங்க, எனக்கு லீவு குடுக்க மாட்டேங்குறாங்க என்கிறான். சிஸ்டர் போனைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், அந்தக் கட்டிடத்தில் எத்தனையோ பார்த்து மரத்துப்போனவள், "கவலைப்படாதீங்க தம்பி, நீங்க இங்கதான் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஊசி போடப் போய்விட்டாள். அன்று சாயங்காலமே பெரியவர் போய்ச் சேர்ந்தார். உடம்பை எடுக்கும்போது தலைமாட்டில் மகனும் இல்லை, அவன் கொண்டுவந்த பிளாஸ்கும் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ஆபரேசன் நல்லபடியாக முடிந்து, நாளைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிற ஆளுக்குத் திடீரென்று பல் கிட்டிக் குளிர் நடுக்கும், காய்ச்சல் கொதிக்கும், நாடி படபடக்கும், ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று டாக்டர்கள் தங்களுக்குள் முணுமுணுப்பார்கள், அந்த முணுமுணுப்பு அடங்குவதற்குள் கட்டில் ஓரத்தில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்திருக்கும். அந்த நோயாளி உலகத்தில் யார்மேல் உசிரையே வைத்திருக்கிறாரோ அந்த ஆளின் அச்சு அசல். வேர்க்காது, கொட்டாவி விடாது, கால் மரத்துப்போய் எழுந்து நடக்காது. நோயாளியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும், அந்தக் கை குளுகுளுவென்று இருக்குமாம், காய்ச்சலில் வேகிற உடம்புக்கு அதைவிட என்ன வேண்டும். அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு பேச்சு, "ஒண்ணுமில்ல, சரியாப் போயிடும்."

நம்ம ஊர் ஜனம் எதைத்தான் பழகிக்கொள்ளாது? இந்த ஆட்களுக்கு 'வந்தவுக' என்று பேர் வைத்தார்கள், பேர் வைத்ததும் பாதி பழகிவிட்டது. ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான் என்பது ஆஸ்பத்திரிச் சட்டம், ஆகவே உள்ளே வந்தவுக இருக்கும்போது வாசலில் வாட்ச்மேன் நிஜ ஆளை நிறுத்தி, உங்க ஆளுக்கு ஆள் இருக்கும்மா, நீங்க சாயங்காலம் வாங்க என்று திருப்பி அனுப்பினான். எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கட்டிலுக்கடியில் வைத்தார்கள், தர்காவில் கயிறு வாங்கிக் கட்டினார்கள், மாதா கோயில் எண்ணெய் தடவினார்கள். வந்தவுக எதற்கும் கோபப்படவில்லை, திருநீறு பூசினால் நெற்றியைக் காட்டினார்கள், கயிறு கட்டினால் கையை நீட்டினார்கள். ஒரு மாமியார், நிஜ மருமகளைவிட வந்த மருமகளே தேவலை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசுகிறாளா பார் என்று ஊரெல்லாம் சொன்னாள். இன்னும் சிலர், அதுதான் பார்த்துக்கொள்கிறதே என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கிவிட்டும் வந்தார்கள், வந்து பார்த்தால் கட்டில் காலியாக இருந்தது. பயம் ஊருக்குள் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. பார்வை நேரத்து மணி அடித்ததும் கம்பி ஜன்னலில் முகத்தை வைத்து எட்டிப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரே பயம், தன் ஆள் கட்டிலில் தானே உட்கார்ந்திருப்பதைத் தான் பார்த்துவிடக் கூடாது.

சொர்ணக்கிளி பார்த்தது அதைத்தான்.

அவள் புருசன் வெள்ளைப்பாண்டி கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர், சுத்துப்பட்டி ஊர்களில் எந்த மோட்டார் எரிந்தாலும் அவரிடம்தான் வரும். மோட்டார்களைத் தூக்கித் தூக்கியே குடலிறக்கம் வந்து, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் சொர்ணக்கிளி திட்டிய திட்டுத் தாங்காமல்தான் ஆபரேசனுக்கு வந்தார். அவள் வாய் அப்படி. அவள் வாய்க்கு வேலிக்கருவேலும் பட்டுப்போகும் என்று தெருவில் சொல்லுவார்கள். காப்பி ஆறினால் திட்டு, காப்பியைக் குடித்தால் உறிஞ்சுகிற சத்தத்துக்குத் திட்டு, கோபம் முற்றினால் 'நீங்க' போய் 'நீரு' வந்துவிடும். அவரும் தலையைக் குனிந்து கம்பியைச் சுற்றிக்கொண்டே சிரிப்பார், ஒருநாள் அவள் தொண்டை கட்டிப் பேச முடியாமல் போனபோது, என்னட்டி வீடு விடியவே இல்ல என்றார். பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கு அவரை விட்டால் நாதியில்லை, அது அவளுக்கும் தெரியும்.

ஆபரேசன் நன்றாகத்தான் நடந்தது. தையல் பிரிப்பதற்கு முன்பே குளிர் நடுக்கம் வந்தது. அவருடைய ரத்தக்கறை பட்ட இடுப்புச் சாரத்தை அலசிக் காயப்போட்டுவிட்டு, நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, சீவாத தலையும் வீங்கிய காலுமாக வார்டுக்குள் நுழைந்தவள், கட்டில் ஓரத்தில் தன்னைப் பார்த்தாள். அந்தச் சொர்ணக்கிளி அரக்குச் சேலை கட்டியிருந்தாள், எண்ணெய் தேய்த்துப் பின்னிய ஜடையில் பிச்சிப்பூ வைத்திருந்தாள், புருசனின் இடது கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சிரித்த முகமாக இருந்தாள். இவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். இந்த மனுசன் மனசுக்குள் நம்மை இப்படியா வைத்திருந்தார், நாம் ஒருநாளாவது இப்படி இருந்தோமா என்று ஒரு வெட்கம். அப்புறம்தான் பயம்.

உடனே வெள்ளைப்பாண்டியின் அக்கா சண்முகத்தாய் மதினி பஸ் ஏறி வந்தாள். வந்ததும் முதல் வேலையாக சொர்ணக்கிளியை ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாரிடம் இழுத்துக்கொண்டு போய், நோய்ப்பட்ட மனுசன் காதில் ஒரு கெட்ட சொல் விழக் கூடாது, பயம் தெரியக் கூடாது, உன் வாயைக் கட்டு என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். மதினியைக் குற்றம் சொல்ல முடியாது, நம்ம ஊரில் இது காலகாலமான வழக்கம். சாகக் கிடக்கிறவனிடம் போய் நீ சாகக் கிடக்கிறாய் என்று எவன் சொல்லுவான், முகத்தைப் பார்த்தா தேறிட்ட மாதிரி இருக்கே என்றுதான் சொல்லுவான், வெளியே வந்து மூக்கைச் சிந்துவான். பக்கத்துக் கட்டில் முருகையா அண்ணாச்சியும் வெள்ளைப்பாண்டியும் ஆபரேசனுக்கு முன்னாலேயே சிநேகமாகி, ஒரே பேப்பரை இரண்டாக மடித்துப் படித்தவர்கள். முருகையாவுக்கும் நடுக்கம் வந்தது, கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து மகள் வந்தாள், கையைப் பிடித்தாள், அவர் போய்விட்டார். எங்க அண்ணாச்சியைக் காணோம் என்று வெள்ளைப்பாண்டி கேட்டபோது, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போய்ட்டாரு என்று மதினி சொன்னாள், சிஸ்டர் சொன்னாள், சொர்ணக்கிளியும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கையைப் பிடித்திருந்தவளும் அதைக் கேட்டுத் தலையாட்டினாள்.

வார்டு டாக்டர் ஜெசிந்தா வயசில் சின்னவள், தூக்கம் இல்லாமல் கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தவள். சொர்ணக்கிளியை வராந்தாவுக்குக் கூட்டிப் போய் மறைக்காமல் பேசினாள். இதுக்குப் பேர் செப்சிஸ்ம்மா, இந்தக் கிருமி உங்க வீட்டுல இருந்து வரல, எங்க ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்கிற கிருமி, நாங்க வச்சிருக்கிற மருந்தையெல்லாம் தின்னு பழகினது என்றாள். ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் ஒரே ஒரு மருந்துக்குத்தான் அது அசையும் என்று வந்திருக்கிறது, கடைசி மருந்து, கிட்னியைக் கொஞ்சம் அடிக்கும், பரவாயில்லை, போட்டாக வேண்டும். ஆனால் கிருமி குடியிருக்கிறது அவருடைய இடது மணிக்கட்டு நரம்பில் சொருகியிருக்கிற ட்ரிப்ஸ் ஊசியில். அந்த ஊசியை உருவாமல் வலது கையில் மருந்து ஏற்றினால், ஒரு பக்கம் மருந்து ஊற்ற, இன்னொரு பக்கம் கிருமி ஊற்றும். அந்த மணிக்கட்டைத்தான் வந்தவள் பொத்திக்கொண்டிருக்கிறாள். நாங்கள் அவள் விரலைப் பிரிக்கப் போனால் அவருடைய பிரஷர் கிடுகிடுவென்று இறங்குகிறது, அவரும் என் பெண்டாட்டியைத் தொடாதே என்று சத்தம் போடுகிறார். அவராக அவள் கையை விட்டால்தான் உண்டு என்றாள்.

"விட்டவுக யாராச்சும் இருக்காங்களா டாக்டரம்மா?" என்று கேட்டாள் சொர்ணக்கிளி.

ஒருத்தர் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஏன் விட்டார்கள் என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை என்றாள் டாக்டர். நேரம் அதிகம் இல்லை என்பதையும் சொன்னாள். மூத்திரம் இறங்குவது குறைந்துவிட்டது, பேச்சு குழறத் தொடங்கிவிட்டது, இன்றைக்குள் ஊசியை எடுக்காவிட்டால் கடைசி மருந்தும் வீண்தான்.

அன்று மத்தியானம் மழை கொஞ்சம் விட்டு வெயில் அடித்தது. டாக்டர் சொல்லி வாட்ச்மேன் இருவரையும் உள்ளே விட, மதினி முதலில் போனாள். தம்பி, என் ராசா, கையை மட்டும் கொஞ்சம் விடுய்யா, டாக்டர் வேற ஊசி போடணுமாம் என்று கெஞ்சினாள், அவர் திரும்பியே பார்க்கவில்லை. அக்கா சொல்வதைத் தட்டாத மனுசன், அக்காளை ஈக்குச் சமமாகக்கூட மதிக்கவில்லை. அவர் கண்ணெல்லாம் அரக்குச் சேலைக்காரி முகத்தில்தான் இருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது, விரல் நுனியெல்லாம் சில்லிட்டுப் போயிருந்தது, மூச்சு மட்டும் ஓடி வந்தவன் மாதிரி இரைத்தது.

சொர்ணக்கிளி கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். இப்படி ஒரு பயத்தை அவள் சென்மத்தில் பட்டதில்லை. நாளைக்கு இந்நேரம் தாலி இருக்காது, வீட்டில் பாதி சுற்றிய மோட்டார் அப்படியே கிடக்கும், திட்டுவதற்கு ஆள் இருக்காது, அப்புறம் இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஆனாலும் சத்தியத்தை நினைத்துக்கொண்டு, குரலில் நடுக்கம் தெரியாமல், தேனைக் குழைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க, சரியாப் போயிடும்."

அதே நொடி, அதே குரலில், அதே குழைவில், எதிர்ப்பக்கம் இருந்தவளும் அதையே சொன்னாள். இரண்டு வாய், ஒரு பேச்சு. வெள்ளைப்பாண்டி இரண்டு பேரையும் பார்க்கவில்லை, அவருக்கு அது ஒரே ஆளின் குரலாகத்தான் கேட்டிருக்கும். சொர்ணக்கிளி எதிர்ப்பக்கத்தை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளாக இவர் காதில் நாம் எல்லாரும் ஊற்றியது இவள் ஊற்றியதைத்தானா, நாமும் இவளும் ஒன்றுதானா என்று ஒரு நினைப்பு வந்ததும், அவளுக்குச் சத்தியமும் மறந்தது, பிள்ளையாரும் மறந்தது, இருக்கிற இடமும் மறந்தது.

"பொய்யி! பூராம் பொய்யி!" என்று கத்தினாள். "ஒம்ம ரத்தம் கெட்டுப்போச்சு. நீரு செத்துக்கிட்டு இருக்கீரு, தெரியுதா? முருகையா அண்ணாச்சி வீட்டுக்குப் போகல, செத்துப்போனாரு. இந்தா, இவள மாதிரி ஒருத்தி கையப் புடிச்சுக்கிட்டேதான் செத்தாரு. எனக்குப் பயமா இருக்குவே. கொடல் நடுங்குது. நீரு போய்ட்டா நான் யார் மூஞ்சில முழிப்பேன்? ஊரு மோட்டாரையெல்லாம் ஓடவைக்கத் தெரியுது, ஒரு கைய விடத் தெரியலையா ஒமக்கு? மூளகெட்ட மனுசா, விடும் அந்தக் கைய!"

மதினி ஐயையோ என்று தலையில் அடித்துக்கொண்டாள். வார்டு பூராவும் திரும்பிப் பார்த்தது. வெள்ளைப்பாண்டியின் கண் மெல்ல அசைந்தது, இந்தப் பக்கம் வந்தது, திட்டுகிறவளின் சீவாத தலையை, மூக்கில் வழிகிற சளியை, தோளில் கிடந்த ஈரத் துண்டைப் பார்த்தது, மறுபடி அந்தப் பக்கம் போனது.

"நான் செத்துருவனா?" என்று வந்தவளிடம் கேட்டார்.

"ஒண்ணுமில்ல, சரியாப் போயிடும்" என்று அவள் சிரித்தாள்.

அவர் சொர்ணக்கிளியிடம் திரும்பினார். "முருகையா செத்துட்டாரா?"

"செத்துட்டாருங்க" என்றாள் அவள்.

அவருக்குக் கண்ணில் நீர் கோத்தது. பேப்பர் பங்கு போட்டுப் படித்த சிநேகிதனுக்காக, யாரும் சொல்லாததால் அழாமல் கிடந்த அழுகை அது. அழுதுகொண்டே தன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். வந்தவள் இறுக்கிப் பிடித்தாள், முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் பிடிக்கிற கையை விரும்பாத கை எப்படியோ நழுவி வெளியே வந்தது. டாக்டர் ஜெசிந்தா ஒரே எட்டில் வந்து ஊசியை உருவினாள், அதன் நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. வலது கையில் கடைசி மருந்து சொட்டத் தொடங்கியது. தைரியமா இருங்க என்று டாக்டர் சொல்லவில்லை, இன்னும் ஆபத்து தாண்டலைங்கய்யா என்றுதான் சொன்னாள், அவர் தலையாட்டினார்.

வந்தவள் காலியான தன் உள்ளங்கையைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு பிளாஸ்கை எடுத்துக்கொண்டு எழுந்து, கட்டில்களுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தாள். ஜனங்கள் காலை மடக்கிக்கொண்டார்கள், தங்கள் தங்கள் நோயாளிமேல் போர்வையை இழுத்து மூடினார்கள். அவள் ஒவ்வொரு கட்டில் பக்கமும் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போகப் போக, அரக்குச் சேலை வெளுத்தது, ஜடை குட்டையாகிக்கொண்டே வந்தது, தோள் அகன்றது. வாசலோரக் கட்டிலுக்குப் போய்ச் சேரும்போது கட்டம் போட்ட சட்டை போட்ட ஒரு ஆம்பிளையாகி இருந்தாள். அந்தக் கட்டிலில் லாரி ஏறிக் கால் முறிந்த ஒரு கல்யாணமாகாத பையன் கிடந்தான். "வாண்ணே" என்று அவன் சந்தோசமாகக் கையை நீட்டினான். சொர்ணக்கிளி ஓடிப்போய் அவன் அம்மாவைப் பிடித்து உலுக்கினாள், பிள்ளையிடம் உள்ளதைச் சொல்லுங்க, இருக்கிற பயத்தை வாய்விட்டுச் சொல்லுங்க, விட்டுவிடுவான் என்று கெஞ்சினாள். அந்த அம்மா சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மெதுவாப் பேசும்மா, பிள்ளை பயந்துருவான் என்றாள். மறுநாள் அந்தக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள்.

வெள்ளைப்பாண்டி பிழைத்தார். கிட்னி தேற நாளானது, உடம்பு பாதியாகிப்போனது, ஆனாலும் பிழைத்தார். டாக்டர் ஜெசிந்தா சண்டை போட்டு வார்டைக் காலி பண்ண வைத்து, சுவரிலிருந்து கட்டில் கால் வரை மருந்து போட்டுக் கழுவினாள், கை கழுவாத எவனும், அவன் பெரிய டாக்டராகவே இருந்தாலும், வாசல்படி தாண்டக் கூடாது என்று நின்றாள். வந்தவுக வருவது குறைந்தது. ஊரும் கேட்பதற்குப் பயந்த கதையைப் பேசாமல் விட்டு, மழையில் இடிந்த பாலத்தின் வேலை பற்றிப் பேசத் தொடங்கியது. பிள்ளையாரிடம் செய்த சத்தியத்தை மீறியதற்காக மதினி மட்டும் சொர்ணக்கிளியோடு பேசுவதில்லை, அதற்கு இவளும் கவலைப்படுவதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சொர்ணக்கிளி முன்னைவிட இரண்டு மடங்கு திட்டினாள். கஞ்சியைக் கீழே சிந்தினால் திட்டு, சிந்தாமல் குடித்தால் மெதுவாகக் குடிக்கிறதுக்குத் திட்டு. அவர் முகம் மலர்ந்துபோகும். பட்டறையில் உட்கார்ந்து மறுபடி கம்பி சுற்ற ஆரம்பித்தார், கை கொஞ்சம் நடுங்கினாலும் காயில் சுத்தமாக வந்தது.

தை பிறந்து பனி இறங்கிய ஒரு காலையில் அவருக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்தது. ஊரில் எல்லாருக்கும் வந்த காய்ச்சல்தான். சொர்ணக்கிளி சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள், மெலிந்துபோன அந்த முகத்தையும், போர்வைக்கு வெளியே கிடந்த, ஊசித் தழும்பு மாறாத மணிக்கட்டையும் பார்த்ததும், என்னதான் வாயாடியாக இருந்தாலும் அவளும் பொம்பிளைதானே, எப்படிப் பறிகொடுக்க இருந்தோம் என்று நெஞ்சு நிறைந்துபோனது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். "சரியாப் போயிடும்."

வெள்ளைப்பாண்டியின் உடம்பு விறைத்தது. கையை வெடுக்கென்று உருவி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்து, அவள் நெற்றியில் வேர்வை இருக்கிறதா, பாதம் வீங்கியிருக்கிறதா என்று மேலும் கீழும் பார்த்தார். தண்ணீரில் கழுவிவிட்டு வந்த அவள் கை அப்போது குளுகுளுவென்றுதான் இருந்தது.

"திட்டு" என்றார்.

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் ஐயோ என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள், நான்தாங்க, ஒங்க சொர்ணந்தாங்க என்று கண்ணீர் வழியச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் இன்னும் ஒடுங்கினார். வீட்டுக்குள் நல்ல வெளிச்சம் இருந்தது, தெருவில் தயிர்க்காரி குரல் கொடுத்துக்கொண்டு போனாள்.

"ஏட்டி, நீதான்னா என்னைத் திட்டு" என்றார் மறுபடியும். "ஒரே ஒரு வார்த்தை திட்டு."

அவள் வாயைத் திறந்தாள். பிரியம் தொண்டையை அடைத்துக்கொண்டு நிற்க, அவளுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு வசவும் வரவில்லை.